எடுத்து வைத்த பருத்தி விதை ஏன் ஏமாற்றியது?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

கணவர் வெளிநாட்டில் வேலை செய்ய, மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசலை மாமியாரின் துணையோடு இவரே பார்த்துக்கொள்கிறார். ஒரு ஏக்கரில் மக்காச்சோளம், இரண்டு ஏக்கரில் பருத்தி. கொல்லையில் கத்தரியும் தக்காளியும் ஒரு பப்பாளி மரமும் உண்டு. தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகள். முந்தைய ஆண்டு கடையில் வாங்கிப் போட்ட பி.டி. பருத்தி நன்றாக விளைந்தது. விதைச் செலவை மிச்சம் பிடிக்க எண்ணி, அதில் செழிப்பாக வெடித்த காய்களிலிருந்து விதையைப் பிரித்தெடுத்து, சென்ற புரட்டாசியில் ஒரு ஏக்கரில் ஊன்றினார். மற்ற ஏக்கரில் புதிய பாக்கெட் விதை. எடுத்து வைத்த விதை முளைத்ததில் குறையில்லை. ஆனால் ஒரு செடி இடுப்பளவு நிற்க, பக்கத்துச் செடி முழங்காலைத் தாண்டவில்லை. சில செடிகள் முன்பே காய்த்து ஓய்ந்தன, சில இலையாகவே நின்றன. பச்சைக் காய்ப்புழு அங்கங்கே துளைத்தது. பாக்கெட் விதை போட்ட ஏக்கர் ஒரே சீராக வளர்ந்தாலும், கடைசிப் பறிப்பில் காயைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருந்தது.

கல்லூரியில் படிக்கும் மகன், ஹைப்ரிட் என்றாலே மரபணு மாற்றம்தான் என்றும், நிறுவனங்கள் விதையை மலடாக்கி விற்பதாகவும் சொல்லிக் காணொளிகளைக் காட்டுகிறார். அதைக் கேட்டு மாமியார் கொல்லையில் இருந்த ஹைப்ரிட் தக்காளிச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார். அண்ணனோ, களைக்கொல்லி அடித்தாலும் கருகாத பருத்தி விதை என்று வெளிமாநிலத்திலிருந்து வந்த பாக்கெட்டுகளைப் பில் இல்லாமல் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். ஹைப்ரிட்டும் மரபணு மாற்றமும் ஒன்றா? நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா, அல்லது விதையை எடுத்து விதைத்ததற்கு என் மீது வழக்கு வருமா? அண்ணன் தரும் விதையைப் போடலாமா? நாட்டுப் பருத்திக்குத் திரும்பினால் என்ன? பருத்திக்கொட்டையை மாட்டுக்கும் வீட்டில் பருத்திப்பாலுக்கும் பயன்படுத்தலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே மண்ணில், ஒரே மழையில் இரண்டு வகை விதையை அருகருகே வளர்த்து, வேறுபாட்டை இவ்வளவு நுணுக்கமாகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பீட்டுத் திடல் என்று நாங்கள் போடுவதும் இதைத்தான். நீங்கள் கண்டதில் பிழை ஏதும் இல்லை. அதற்கு உங்கள் மகன் சொல்லும் காரணத்தில்தான் பிழை இருக்கிறது. அவர் அக்கறையோடுதான் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறார். அந்த முடிச்சை அவிழ்த்தால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் வழி கிடைக்கும்.

ஒட்டு வேறு, மரபணு மாற்றம் வேறு

வீரிய ஒட்டு, அதாவது கடைக்காரர் ஹைப்ரிட் என்று சொல்வது, விதையின் பெற்றோரைப் பற்றிய செய்தி. பல தலைமுறை தனித்தனியே தூய்மையாக வளர்த்த இரண்டு பருத்தி வகைகளைத் தாயாகவும் தந்தையாகவும் வைத்துச் சேர்க்கும்போது, முதல் தலைமுறைப் பிள்ளைகள் பெற்றோர் இருவரையும் மிஞ்சிய வீரியத்தோடும், எல்லாம் ஒரே அச்சாகவும் வளரும். பணியில் சேர்ந்த புதிதில் இந்த வேலையை நானும் என் கையால் செய்திருக்கிறேன். மறுநாள் மலரப்போகும் மொட்டைப் பிற்பகலில் தேர்ந்து, இதழையும் மகரந்தத் தாள்களையும் நகத்தால் கீறி அகற்றி, சிவப்புக் காகிதப் பையால் மூடிவைக்க வேண்டும். மறுநாள் காலையில் தந்தைச் செடியின் பூவைப் பறித்து வந்து அதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். ஒவ்வொரு காய்க்கும் இத்தனை வேலை. சேலம், தர்மபுரிப் பக்கத்து விதை வயல்களில் இன்றும் விரல்களால் நடக்கும் வேலை இது. ஒட்டுப் பருத்தி விதை விலை கூடுதலாக இருப்பதற்கு இந்தக் கூலியும் ஒரு காரணம். சூரத்திலிருந்து சி.டி. பட்டேல் 1970-இல் வெளியிட்ட ஹைப்ரிட்-4 என்ற பருத்திதான் வணிக அளவில் பயிரான முதல் ஒட்டுப் பருத்தி. அடுத்து 1972-இல் கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து வரலட்சுமி வந்தது. இரண்டிலும் பருத்திக்கு அந்நியமான மரபணு எதுவும் இல்லை.

மரபணு மாற்றம் என்பது விதைக்குள் புதிதாக என்ன வைக்கப்பட்டது என்பதைப் பற்றிய செய்தி. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் நுண்ணுயிரி, சில வகைப் புழுக்களின் குடலைச் சிதைக்கும் புரதத்தைத் தானாகவே உண்டாக்குகிறது. அந்தப் பெயரின் சுருக்கம்தான் பி.டி. இயற்கை விவசாயிகள் கூட இந்த நுண்ணுயிரியைத் தெளிப்பாகப் பயன்படுத்துவதுண்டு. அப்புரதத்துக்கான மரபணுவை ஆய்வகத்தில் எடுத்துப் பருத்திச் செடியின் மரபுப் பொருளில் சேர்த்தார்கள். பருத்தியும் நுண்ணுயிரியும் எந்த மகரந்தச் சேர்க்கையாலும் சேர முடியாதவை; ஒட்டிலிருந்து இதைப் பிரிக்கும் கோடு அங்கேதான் இருக்கிறது. ஒரு மரபணு கொண்ட பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-இலும், இரண்டு மரபணுக்கள் கொண்டதற்கு 2006-இலும் ஒப்புதல் கிடைத்தது.

ஆகவே ஒரு விதை இரண்டில் ஒன்றாக இருக்கலாம், இரண்டுமாக இருக்கலாம், இரண்டும் அல்லாமலும் இருக்கலாம். உங்கள் பாட்டன் காலத்து நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி இரண்டும் அல்ல. ஹைப்ரிட்-4 ஒட்டு மட்டுமே. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பி.ஏ.யூ. பி.டி. 1 மரபணு மாற்றம் மட்டுமே. அது ஒட்டு அல்ல, எனவே அதன் விதையை எடுத்து மீண்டும் விதைத்தாலும் குணம் சிதறாது. நீங்கள் வாங்கிய பாக்கெட் இரண்டும் சேர்ந்தது, அதாவது மரபணு மாற்றப்பட்ட ஒட்டு. இந்தியச் சந்தையில் பி.டி. பருத்தி பெரும்பாலும் ஒட்டாகவே விற்கப்படுவதால்தான் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச். 11 கடுகைப் பற்றிய செய்தியும் குழப்பத்தைக் கூட்டியிருக்கும். அது ஒட்டுக் கட்டுவதற்காகவே மரபணு மாற்றத்தைப் பயன்படுத்திய பயிர். அதன் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒட்டு மாங்கன்று என்கிறோமே, அது ஒரு மரத்தின் கிளையை இன்னொரு கன்றின் தண்டில் பொருத்திக் கட்டுவது. அதில் மகரந்தச் சேர்க்கையும் இல்லை, மரபணு மாற்றமும் இல்லை. ஆடுதுறை 27 நெல்லையும் பெரியவர்கள் ஒட்டு நெல் என்பார்கள். ஜப்பானிய நோரின் 10 நெல்லையும் நம்முடைய ஜி.இ.பி. 24 நெல்லையும் சேர்த்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய பிறகு 1964-இல் வெளியானது அது. பிறப்பு கலப்பில்தான் என்றாலும், நிலைத்துவிட்டபடியால் அதன் விதையை எடுத்து வைத்து எத்தனை போகமும் விதைக்கலாம். இன்றைக்கு ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிடும் நெல், உளுந்து, நிலக்கடலை ரகங்களில் பெரும்பாலானவை இப்படி நிலைப்படுத்திய ரகங்களே. அவற்றையும் ஹைப்ரிட் என்று ஒதுக்குவது உங்களுக்குத்தான் நட்டம்.

உங்கள் ஒரு ஏக்கரில் நடந்தது என்ன

ஒட்டு விதையின் வீரியம் முதல் தலைமுறையோடு நின்றுவிடும். அந்தச் செடிகளின் காயில் உண்டாகும் விதையில், தாயின் குணங்களும் தந்தையின் குணங்களும் சீட்டுக்கட்டைக் கலைத்தது போலப் புதிது புதிதாகப் பங்கிடப்படுகின்றன. உயரம், காய்க்கும் காலம், காயின் அளவு, இழையின் நீளம் எல்லாமே செடிக்குச் செடி மாறும். மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடியை வைத்து எழுதிய அதே கணக்குதான் உங்கள் வயலிலும் நடந்திருக்கிறது. பி.டி. நுழையாத ஒட்டு மக்காச்சோளத்திலும் ஒட்டுத் தக்காளியிலும் விதை எடுத்தால் இதே சிதறல் வரும்.

புழு விஷயத்திலும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஒட்டுகளில் பி.டி. மரபணுக்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வருகின்றன. அப்படி வந்த இரண்டு மரபணுக்களும் தனித்தனியே பிரிந்தால், அடுத்த தலைமுறையில் 16 செடிகளில் ஏறத்தாழ 9 செடிகளில்தான் இரண்டும் சேர்ந்திருக்கும். 3 செடிகளில் ஒன்று மட்டும், இன்னும் 3 செடிகளில் மற்றது மட்டும் இருக்கும். எஞ்சிய ஒரு செடியில் எதுவுமே இருக்காது. பச்சைக் காய்ப்புழு "அங்கங்கே" துளைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லிலேயே விடை இருக்கிறது.

பாக்கெட் விதை போட்ட ஏக்கரில் இளஞ்சிவப்புப் புழு வந்தது வேறு கதை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒட்டும் மரபணு மாற்றமும் சேர்ந்ததன் விலையை உங்களைப் போன்ற விவசாயிகளே கொடுத்துவருகிறார்கள். இந்தப் புழு இலையைத் தின்பதில்லை. காய்க்குள் புகுந்து விதையைத்தான் தின்கிறது. முதல் தலைமுறைச் செடியின் இலையிலும் தண்டிலும் பி.டி. புரதம் முழுமையாக இருக்கும். ஆனால் அதே செடியின் காய்க்குள் இருக்கும் விதைகள் அடுத்த தலைமுறை அல்லவா? மேலே சொன்ன கணக்குப்படி அவற்றில் சிலவற்றில் புரதம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். ஒரே காய்க்குள் வலுவான நஞ்சும் நஞ்சற்ற உணவும் கலந்து கிடைக்கும்போது, ஓரளவு தாங்கும் புழுக்கள் பிழைத்துப் பெருக வாய்ப்பு உண்டாகிறது. எதிர்ப்புத் திறன் விரைந்து உருவானதற்கு இதை ஒரு காரணமாகப் பருத்தி ஆய்வாளர்கள் பலர் சுட்டுகின்றனர். பல மாதம் வயலில் நிற்கும் ஒட்டுகள், வரப்போரம் ஐந்து வரிசை பி.டி. அல்லாத பருத்தி போட வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலோர் கைவிட்டது ஆகியவையும் சேர்ந்துகொண்டன. ஒற்றை மரபணுப் பருத்தியை இப்புழு வென்றுவிட்டது குஜராத்தில் 2009-10 வாக்கில் தெரியவந்தது. சில ஆண்டுகளுக்குள் இரட்டை மரபணுவும் தோற்றது. நிலைப்படுத்திய பி.டி. ரகங்களையே விதைத்து, கூடவே மலடாக்கிய அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்ட அமெரிக்காவோ, 2018-இல் தன் பருத்திப் பகுதிகளில் இப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான், அதை எந்த விதையில் வைத்தோம், எப்படிப் பராமரித்தோம் என்பதில் நாம் தவறினோம். இந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அடுத்த முறை குறுகிய வயதுடைய ரகத்தையோ ஒட்டையோ தேர்ந்து, 150 அல்லது 160 நாளில் பறிப்பை முடித்துவிடுங்கள். கடைசிக் காய்க்காக மாதக்கணக்கில் காத்திருப்பது அடுத்த ஆண்டுக்குப் புழுவை வளர்ப்பதாகும். பூ எடுக்கும் பருவத்தில், அந்துப்பூச்சிகளை வாசனையால் ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, ஒரு பொறியில் நாளொன்றுக்கு 8 அந்துப்பூச்சிகள் தொடர்ந்து மூன்று நாள் விழுந்தால் மட்டும் மருந்தை எண்ணுங்கள். பருத்தி மாரை, அதாவது பறித்து முடித்த காய்ந்த செடிகளை, அடுப்புக்காக வீட்டோரம் கோடை முழுக்க அடுக்கி வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த காய்களுக்குள்தான் புழு உறங்குகிறது.

மலட்டு விதையும் வழக்கும்

விதையை மலடாக்கும் தொழில்நுட்பத்துக்கு அமெரிக்காவில் 1998-இல் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அது எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. அத்தகைய தொழில்நுட்பம் கொண்ட ரகத்தைப் பதிவு செய்யவே கூடாது என்று நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. உங்கள் விதை முளைத்து, வளர்ந்து, காய்த்திருக்கிறது. மலட்டு விதைக்கு இது சாத்தியமில்லை. இதை மகனிடம் சொல்லுங்கள். அவர் காட்டும் காணொளிகளில் சில, அமெரிக்க விவசாயி ஒருவர் சோயா விதையை எடுத்து விதைத்ததற்காக மான்சாண்டோ நிறுவனத்திடம் 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்ற வழக்கிலிருந்து பிறந்தவையாக இருக்கலாம். அந்த வழக்கு ஏன் சோயாவில் வந்தது என்று யோசித்தால் விஷயம் தெளியும். சோயா ஒட்டுப் பயிர் அல்ல. எடுத்து விதைத்தாலும் குணம் மாறாது. அதனால் நிறுவனத்துக்குக் காப்புரிமை என்ற பூட்டுத் தேவைப்பட்டது. ஒட்டு விதைக்கோ, இயற்கையே ஒரு பூட்டைப் போட்டு வைத்திருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. நான் மேலே சொன்ன சட்டத்தின் 39-ஆவது பிரிவு, பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. அந்த ரகத்தின் பெயரோடு முத்திரை குத்திய விதையாக விற்கக் கூடாது என்பதே அதில் உள்ள கட்டுப்பாடு. ஆகவே உங்கள் நிலத்தில் எடுத்த விதையை உங்கள் நிலத்திலேயே ஊன்றியதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவது பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: எடுத்து வைத்த விதைக்காக வழக்குப் போட்டால் நிற்காது. நிறுவனம் உறுதி சொன்னது பாக்கெட்டில் இருந்த முதல் தலைமுறைக்கு மட்டுமே. பாக்கெட் விதை ஏக்கரில் கடைசிப் பறிப்பில் புழு வந்ததையும் விதைக் குறை என்று நிறுவுவது கடினம், ஏனென்றால் புழுவின் எதிர்ப்புத் திறன் நாடறிந்த ஒன்று. அதற்குச் செலவழிக்கும் பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் நாளை பாக்கெட் விதையே முளைக்காமலோ கலப்படமாகவோ போனால் உங்களுக்கு உரிமை இருக்கிறது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல், தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உறுதி செய்திருக்கிறது. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு வேண்டியவை மூன்று: பில், குவியல் எண் (லாட் நம்பர்) தெரியும் காலிப் பாக்கெட், அதில் ஒரு கைப்பிடி விதை. இவற்றை அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள். பயிர் நிற்கும்போதே வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து வயலைப் பார்வையிடச் சொல்லுங்கள். அறுத்த பிறகு போனால் காட்ட ஒன்றும் இருக்காது. நான் பயிர் இனப்பெருக்கத் துறையைச் சேர்ந்தவன், வழக்கறிஞன் அல்லன். வழக்கு என்ற நிலை வந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார்.

அண்ணன் தரும் பாக்கெட்

இதை வாங்க வேண்டாம். அண்ணன் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். களையெடுக்கும் கூலி உயர்ந்து, ஆளும் கிடைக்காத நிலையில் அந்த விதை ஏன் கவர்கிறது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு இந்தியாவில் ஒப்புதல் இல்லை. ஒப்புதல் பெறாத மரபணு மாற்ற விதையை விற்பதும் விதைப்பதும் 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதன் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிகளுக்கும் எதிரானவை. இச்சட்டத்தை மீறுவோருக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. பில் இல்லாத விதைக்கு மேலே சொன்ன உரிமைகளில் ஒன்றுகூடக் கிடைக்காது. பாக்கெட்டுக்குள் இருப்பது எந்த ஒட்டு, எத்தனையாவது தலைமுறை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அது இரண்டாம் தலைமுறையாக இருந்தால், களைக்கொல்லி தாங்கும் குணமும் சிதறியிருக்கும். மருந்தடித்த மறுவாரம் செடிகளில் ஒரு பகுதி கருகி நிற்கும். காற்றில் சாரல் பறந்தால் உங்கள் மக்காச்சோளமும் பக்கத்துக் காட்டுக்காரரின் உளுந்தும் சேர்ந்து கருகும். அந்தப் பகையை எந்தக் கூலி மிச்சமும் ஈடுகட்டாது. அண்ணனிடம் சட்டத்தைச் சொல்வதைவிட, இந்த இரண்டாவது காரணத்தைச் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாட்டுப் பருத்திக்குத் திரும்பலாமா

திரும்பலாம், ஆனால் மூன்று ஏக்கர்க்காரர் ஒரே ஆண்டில் முழுவதுமாகத் திரும்புவதை நான் ஏற்க மாட்டேன். கருங்கண்ணி நம் கரிசலுக்குப் பழகிய பயிர். வறட்சியைத் தாங்கும், தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகளையும் அமெரிக்கப் பருத்தியைவிட நன்றாகச் சமாளிக்கும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து கே 11 முதலான ரகங்களைத் தந்திருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம்கள், நாம் போடும் அமெரிக்கப் பருத்திக்கு 52. இந்த வேறுபாட்டால் இரண்டும் வயலில் எளிதில் கலப்பதில்லை. பக்கத்து வயலில் பி.டி. பருத்தி இருந்தாலும் உங்கள் கருங்கண்ணி விதை பெரும்பாலும் கருங்கண்ணியாகவே இருக்கும்.

குறை சந்தையில்தான் இருக்கிறது. கருங்கண்ணியின் இழை குட்டையானது. நீள இழைக்குப் பழகிய ஆலைகள் அதை விரும்பி வாங்குவதில்லை. வெடித்த காயிலிருந்து பருத்தி சீக்கிரம் கீழே உதிரும், பறிப்பைத் தள்ளிப்போட முடியாது. கைத்தறிக்காகவோ இயற்கைப் பருத்திக்காகவோ வாங்குவோர் முன்கூட்டியே விலை பேசி ஒப்புக்கொண்டால் அரை ஏக்கரில் போட்டுப் பாருங்கள். வாங்குபவர் கிடைக்கும் முன் விதைக்க வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே, நிலைப்படுத்திய அமெரிக்கப் பருத்தி ரகங்கள் இருக்கின்றன. திருவில்லிபுத்தூரின் எஸ்.வி.பி.ஆர். வரிசை, கோவில்பட்டியின் கே.சி. 3, கோயம்புத்தூரின் கோ 17 ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். உங்களுடைய முதல் நோக்கம் விதையை நீங்களே எடுத்து வைப்பது என்றால், நீங்கள் தேட வேண்டியது இவற்றைத்தான். இவற்றில் பி.டி. இல்லை என்பதால் பச்சைக் காய்ப்புழுவைக் கண்காணித்தே ஆக வேண்டும். இவை பக்கத்து பி.டி. பருத்தியோடு தேனீக்களால் கலக்கக்கூடும் என்பதால், விதைக்கான காய்களை வரப்போரத்தில் எடுக்காமல் வயலின் நடுவிலிருந்து எடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீல அட்டையுள்ள சான்று விதையை வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வரும் புரட்டாசியில் ஒரு ஏக்கரில் பாக்கெட் ஒட்டு, ஒரு ஏக்கரில் உங்கள் மானாவாரிக்கு உதவி வேளாண்மை அலுவலர் பரிந்துரைக்கும் ரகம் என்று பிரித்து, இரண்டின் செலவையும் வரவையும் நோட்டில் எழுதி வைத்தீர்கள் என்றால், அடுத்த ஆண்டு என்னிடம் கேட்கத் தேவையிருக்காது.

கொல்லையும் தொழுவமும்

மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: அவர் பிடுங்கி எறிந்த தக்காளி மரபணு மாற்றப்பட்டது அல்ல. இந்தியாவில் வணிகப் பயிராக ஒப்புதல் பெற்றுப் பயிராகும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். உங்கள் மக்காச்சோளம் ஒட்டு மட்டுமே. ரெட் லேடி பப்பாளி தைவானில் உருவான ஒட்டு. விதையில்லாத் தர்ப்பூசணிகூட, குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடும் இரண்டு வகைகளைச் சேர்த்துப் பெறும் ஒட்டுதான். கத்தரியில் ஒரு பி.டி. வகை உருவாக்கப்பட்டதும், நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே கோ 2, எம்.டி.யூ. 1 போன்ற ரகங்களில் அதைச் சேர்த்ததும் உண்மை. ஆனால் போதுமான நீண்டகால ஆய்வுகள் இல்லை என்ற கேள்விகளோடு, கத்தரியின் தாயகம் இந்தியா என்பதையும் கருதி, 2010 பிப்ரவரி 9 அன்று ஒன்றிய அரசு அதை நிறுத்தி வைத்தது. இன்றுவரை அது வெளிவரவில்லை. வங்கதேசம் 2013-இல் அதற்கு ஒப்புதல் அளித்துப் பயிரிட்டு வருகிறது.

அதற்காகக் கொல்லையில் ஹைப்ரிட்தான் போட வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுத் தேவைக்கு நாட்டுக் கத்தரியும் நாட்டுத் தக்காளியும் நல்ல தேர்வு. விதையை எடுத்து வைக்கலாம், பழகிய சுவையும் கிடைக்கும். ஹைப்ரிட் நஞ்சு என்று சொல்லி மருமகளோடு மாமியார் சண்டை போட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

பருத்திக்கொட்டையைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். பி.டி. புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில், அதற்கென்று உள்ள ஏற்பிகளில் ஒட்டித்தான் வேலை செய்கிறது. மனிதர், மாடு ஆகியோரின் குடலில் அந்த ஏற்பிகள் இல்லை. நாட்டில் இப்போது விற்கும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் பெரும்பாலும் பி.டி. பருத்தியிலிருந்து வருபவைதான். நீங்கள் கவனிக்க வேண்டியது காசிபால் என்ற இயற்கை நச்சை. அது கருங்கண்ணிக் கொட்டையிலும் இருந்தது, பி.டி. கொட்டையிலும் இருக்கிறது. வளர்ந்த மாடுகள் அளவாகக் கொடுத்தால் தாங்கும். கன்றுக்கும் கோழிக்கும் கொடுக்காதீர்கள். பருத்திப்பாலுக்குக் கொட்டையை அரைத்துப் பாலெடுத்து நன்றாகக் கொதிக்கவிடும் பழைய முறையை மாற்றாதீர்கள். வேறு பொருளோடு பிணையாமல் தனித்து நிற்கும் காசிபாலின் அளவு சூட்டில் குறைகிறது.

ஒன்று மட்டும் கட்டாயம். விதைத்தது போகப் பாக்கெட்டில் மிஞ்சிய விதையை மாட்டுக்கோ பருத்திப்பாலுக்கோ ஒருபோதும் எடுக்கக் கூடாது. அதன் மேல் பூசியிருக்கும் நிறம் பூச்சிமருந்தோடு சேர்ந்தது; எத்தனை முறை கழுவினாலும் அது உணவாகாது. புகாருக்கென்று மேலே சொன்ன ஒரு கைப்பிடி போக, மிஞ்சிய விதையைக் கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் தள்ளி ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். பாக்கெட்டையும் அந்தக் கைப்பிடி விதையையும் பில்லோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.